குளம் சுட்ட நாள்

குன்னூரில் ஒரு நீச்சல் குளத்தைச் சூடாக வைத்திருப்பது யானையைக் கட்டித் தீனி போடுவது மாதிரி. அங்கயற்கண்ணிக்கு அது தெரியும். தெரிந்தேதான் இத்தனை வருஷமாக அதைக் கட்டிக்கொண்டு மல்லாடுகிறாள்.

மதுரைக்காரி. ஒரு காலத்தில் மாநில அணிக்காக நீந்தியவள். தோள்பட்டை விட்டுப்போன பிறகு வெந்நீர்க் குளத்தில் கை கால் பயிற்சி கொடுப்பதைப் படித்துக்கொண்டு மலையேறி வந்தாள். ஒரு சிறிய அறக்கட்டளையின் குளம் அது. கூரை போட்டது, எட்டு மீட்டர் நீளம், மார்பளவு ஆழம். பக்கவாதம் வந்தவர்கள், கால் இறுகிப் பிறந்த குழந்தைகள் எல்லாம் அங்கே வருவார்கள். அவர்களுக்குத் தண்ணீர் முப்பத்து மூன்று டிகிரியில் இருக்க வேண்டும். கொஞ்சம் குறைந்தாலும் இறுகிய தசை இன்னும் இறுகிக்கொள்ளும்.

அந்த ஜனவரியில் புல்லெல்லாம் உறைபனி படர்ந்திருந்தபோது, குளத்தை மூடிவிடலாமா என்று பேச அறக்கட்டளைக் குழு கூடியது. மின்வாரியத்தில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்ற நஞ்சுண்டன்தான் பொருளாளர். கணக்கைச் சொல்ல எழுந்தார்.

"இப்ப நம்மகிட்ட இருக்கிறது தண்ணிக்குள்ள கம்பி வச்சுச் சூடாக்குற ஹீட்டர். ஒரு ரூபா கரண்டுக்கு ஒரு ரூபா சூடு. அதுக்கு மேல தராது. மாசம் ஒரு லட்சத்தை நெருங்குது. இனி தாங்காது."

"கேஸ்?" என்றாள் அங்கை. எல்லோரும் அவளை அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

"ஓட்டலுக்குப் போடுற பெரிய சிலிண்டர் தினம் ரெண்டு வேணும். கரண்டைவிட ஒரு படி கூடத்தான் வரும்."

"சோலார்?"

"ஓட்டுற செலவு கிட்டத்தட்ட ஒண்ணுமே இல்ல. மோட்டார் ஓடுற கரண்டுதான். ஆனா நமக்கு எப்ப சூடு வேணும்? மூடுபனியில. சூரியன் எப்ப வராது? அதே மூடுபனியில." அவரே சிரித்துக்கொண்டார். "ஹீட் பம்ப்தான் கொஞ்சம் புத்திசாலி. வெளிக்காத்துல இருக்கிற சூட்டை உறிஞ்சித் தண்ணிக்குள்ள தள்ளும். இப்ப ஆகிற செலவுல நாலில் ஒரு பங்கு போதும். குளிர் கடுமையான நாள்ல மூணில் ஒரு பங்கு. ராத்திரியில தண்ணி மேல ஒரு போர்வை விரிச்சு மூடினா அதுலயும் பாதி மிச்சம், சூடு பெரும்பாலும் ஆவியாத்தான் போகுது. ஆனா மெஷினை வாங்கவே நம்மகிட்ட முதல் இல்ல."

அப்போதுதான், கடைசி நாற்காலியில் மடிக்கணினியோடு அதுவரை வாயைத் திறக்காமல் இருந்த இளம்பெண் கையைத் தூக்கினாள். ஷாகிரா. 'மலையரண்' என்ற நிறுவனத்தின் பொறியாளர்.

"சார், நாங்க சும்மாவே தர்றோம்."

எல்லாத் தலைகளும் திரும்பின.

"எங்க கம்ப்யூட்டர்களை ஊர் ஊரா வைக்கிறோம். ஒவ்வொண்ணும் ஒரு அலமாரி அளவு. கணக்குப் போடப்போட அது அடுப்பு மாதிரி கொதிக்கும். குளிர வைக்கிறதுக்கே எங்களுக்குக் கரண்ட் செலவு மென்னியைப் பிடிக்குது. உங்களுக்குச் சூடு வேணும், எங்களுக்குக் குளிர்ச்சி வேணும். கம்ப்யூட்டரை எண்ணெயில மூழ்கடிச்சு, அந்த எண்ணெயோட சூட்டை உங்க தண்ணிக்குக் கொடுத்துடுவோம். மெஷினும் எங்களுது, கரண்டும் எங்களுது."

"எங்களுக்கு என்ன செலவு?" நஞ்சுண்டன் சந்தேகத்தோடு கேட்டார்.

"இடம் மட்டும் கொடுத்தாப் போதும். அப்புறம் ஒரு நிபந்தனை. அது என்ன கணக்குப் போடுதுன்னு நீங்க கேக்கக் கூடாது. ஏதாவது தெரியவந்தாலும் வெளியே சொல்லக் கூடாது."

அங்கைக்கு அந்த நிபந்தனை காதில்கூட ஏறவில்லை. குளம் மூடப்படாது! அவள் எழுந்துபோய் ஷாகிராவைக் கட்டிப்பிடித்த வேகத்தில் மடிக்கணினி கீழே விழப்பார்த்தது.

அடுத்த சில மாதங்கள் குளத்தில் திருவிழாதான். கோத்தகிரி, ஊட்டி என்று சுற்றிலும் இருந்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள். நேரம் ஒதுக்கித் தர முடியாமல் அங்கை திணறினாள். வந்தவர்களில் பிரான்சிஸ் ஒருவர். எதிர்ச்சரிவில், தேயிலைத் தோட்டத்துக்குக் கீழே இருந்த கல்லுமட்டம் லைன் வீடுகளில், தோட்டத் தொழிலாளர்களுக்கென வரிசையாகக் கட்டிய வீடுகளில், குடியிருந்தார். பஸ் டிரைவர். ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே பக்கவாதம் வந்து இடது கை மடங்கிப் போயிருந்தது. முதல் நாள் தண்ணீருக்குள் இறங்கியவர், "ஏம்மா, வெந்நீர்ல போட்டுக் கோழி மாதிரி உரிக்கப் போறீங்களா?" என்றார். ஆறாவது வாரம் இடது கையின் விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்தன. அவர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு அந்தக் கையாலேயே அங்கையின் முகத்தில் தண்ணீரை வாரி அடித்தார். குளம் முழுக்கக் கைதட்டியது.

இந்தச் சந்தோஷத்துக்கு நடுவில் அங்கை ஒன்றைக் கவனித்தாள். தண்ணீரிலேயே வளர்ந்த உடம்பு அவளுடையது. அரை டிகிரி ஏறினாலும் காது மடலில் தெரிந்துவிடும். சாதாரண நாட்களில் முப்பத்து மூன்றில் அசையாமல் நிற்கிற தண்ணீர், கனமழை பெய்த மறுநாள் கொஞ்சம் ஏறியது. மழை விட்டு மண் காய்ந்ததும் இறங்கியது.

"மழை பெஞ்சா குளிரத்தானே சார் செய்யணும்?" என்று நஞ்சுண்டனிடம் கேட்டாள்.

"கம்ப்யூட்டருக்கு அன்னைக்கு வேலை கூடுதல்னு அர்த்தம். வேலை கூடினா சூடும் கூடும்."

"மழைக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?"

நஞ்சுண்டன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "போன வருஷம் எதிர்ச்சரிவுல குழி தோண்டிக் கருவி புதைச்சாங்களே, பாத்தியா? வானிலை ஆராய்ச்சின்னு சொன்னாங்க. எனக்கென்னவோ அந்த மண்ணோட அசைவைத்தான் இந்தப் பெட்டி கணக்குப் போடுதுன்னு தோணுது. கேக்கக் கூடாதுன்னு கையெழுத்துப் போட்டிருக்கோம். கேக்கல. தோணுறதைச் சொன்னேன்."

அக்டோபர் கடைசியில் மழை பிடித்தது. மூன்று நாள் விடவேயில்லை. நான்காம் நாள் காலை, குழந்தைகளின் வகுப்புக்கு முன்னால் அங்கை வழக்கம்போல் குளத்தில் பாய்ந்தாள். பாய்ந்த வேகத்திலேயே மேலே வந்தாள். தண்ணீர் சுட்டது.

வெப்பமானி முப்பத்தைந்து காட்டியது. குழந்தைகளை இறக்க வேண்டாம் என்று தாய்மார்களிடம் சொல்லிவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு மணி நேரத்தில் முப்பத்தாறு. அதற்கடுத்த மணியில் முப்பத்தேழு. குளத்தின்மேல் ஆவி எழுந்து கூரையில் முட்டிச் சொட்டியது. பயிற்சிக்கு வந்திருந்த பிரான்சிஸ் ஓரமாக உட்கார்ந்து காலை உள்ளே விட்டு, வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"என்னம்மா இது, காப்பி போடலாம் போலிருக்கு?"

அங்கை ஷாகிராவுக்குப் போன் செய்தாள்.

"ஷாகிரா, குளம் கொதிக்குது. என்ன கணக்கு ஓடுது?"

அந்தப் பக்கம் விசைப்பலகை தட்டுகிற சத்தம் சட்டென்று நின்றது.

"ஷாகிரா!"

"அக்கா, சொல்ல முடியாது. சொன்னா என் வேலை மட்டுமில்ல, கோர்ட்டு வரைக்கும் போகும். முடிவு யாருக்குப் போகணுமோ அவங்களுக்குப் போயாச்சு."

"யாருக்கு?"

"பணம் கட்டினவங்களுக்கு." குரல் உடைந்தது. "இன்சூரன்ஸ்காரங்க. எஸ்டேட் முதலாளிங்க. முதல் முடிவு நேத்தே போயிடுச்சு அக்கா."

நேற்று. அங்கைக்குச் சட்டென்று கண்முன் வந்தது. நேற்று மதியம் எதிர்ச்சரிவுத் தேயிலைத் தொழிற்சாலையிலிருந்து மூன்று லாரிகளில் இயந்திரங்களை ஏற்றிக்கொண்டு போனார்கள். மேனேஜரின் காரும் பின்னாலேயே போனது. ரிப்பேருக்குப் போகிறது என்று நினைத்துக்கொண்டாள்.

"சரி, நீ எதுவும் சொல்ல வேண்டாம்," என்றாள் அங்கை. தன் குரல் இவ்வளவு நிதானமாக இருப்பது அவளுக்கே வியப்பாக இருந்தது. "நான் ஊர் பேரைச் சொல்றேன். தப்புன்னா பேசு. சரின்னா போனை வச்சிடு. ராலி காலனி?"

"அக்கா, இப்படியெல்லாம் கேக்காதீங்க."

"பேசிட்ட. அப்ப அது இல்ல. பழைய தபாலாபீஸ் மேடு?"

"அக்கா, ப்ளீஸ்."

"கல்லுமட்டம்?"

போன் துண்டிக்கப்பட்டது.

அங்கை திரும்பினாள். பிரான்சிஸ் துண்டைத் தோளில் போட்டபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். கல்லுமட்டம் என்ற பேர் அவர் காதிலும் விழுந்திருந்தது. அங்கே அவர் மனைவி இருந்தாள், மகளும் பேரனும் இருந்தார்கள். நாற்பது வீடுகள்.

"எப்ப?" என்று மட்டும் கேட்டார்.

"தெரியல. சீக்கிரம்."

அங்கை கூப்பிட்டதும் ஓடிவந்த நஞ்சுண்டன் வட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போன் போட்டார். எச்சரிக்கை எதுவும் வரவில்லை, வந்தால் சொல்கிறோம் என்றார்கள். எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேட்டபோது, "எங்க குளத்துத் தண்ணி சுடுது" என்று அவர் உண்மையைச் சொன்னார். எதிர்முனை சிரித்துவிட்டு வைத்துவிட்டது.

அங்கையும் பிரான்சிஸும் அவள் ஸ்கூட்டரில் மழைக்குள் பாய்ந்தார்கள். கல்லுமட்டத்தில் மதியச் சமையல் நடந்துகொண்டிருந்தது. மழையால் தோட்டத்தில் வேலை இல்லை, எல்லோரும் வீட்டில்தான் இருந்தார்கள். அங்கை வாசல் வாசலாக ஓடினாள். "மலை இறங்கப் போகுது, கிளம்புங்க!" சிலர் வானத்தைப் பார்த்தார்கள். சிலர் அவளை மேலும் கீழும் பார்த்தார்கள்.

"யாரும்மா சொன்னது? ரேடியோவுலயா?"

"இல்ல. எங்க குளத்துல..."

ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு லைன் முழுக்கச் சிரிப்பு பரவியது. நீச்சலடிக்கிற குளம் ஜோசியம் சொல்லுதாம். அங்கைக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக முட்டின.

அப்போது பிரான்சிஸ் நடுவில் போய் நின்றார். இடது கையை மேலே தூக்கி, ஐந்து விரல்களையும் விரித்துக் காட்டினார்.

"இந்தக் கை செத்துப்போச்சுன்னு நீங்க எல்லாரும் பாத்தீங்கல்ல? அந்தத் தண்ணிதான் இதுக்கு உயிர் கொடுத்தது. அந்தத் தண்ணி இன்னைக்குச் சரியில்ல. நேத்து மேனேஜர் மூட்டை கட்டிட்டுப் போனான். மெஷினைக்கூட ஏத்திட்டுப் போனான். உங்க யாரையாவது கூப்பிட்டானா?"

சிரிப்பு நின்றது. லாரிகள் போனதை எல்லோரும் பார்த்திருந்தார்கள். ஒரு கிழவர் மெல்லத் திரும்பி, மேலே தேயிலைச் சரிவைப் பார்த்தார். "காலையில இருந்து நம்ம ஊத்துல செந்தண்ணி வருது," என்றார். "நான்தான் மழைத் தண்ணின்னு விட்டுட்டேன்."

அதன்பிறகு யாரும் கேள்வி கேட்கவில்லை. பாத்திரங்கள் உருண்டன, குழந்தைகள் இடுப்பில் ஏறின, ஆடுகள் கத்தின. நடக்க முடியாதவர்களை என்ன செய்வது? பிரான்சிஸ் ரோட்டுக்கு ஓடினார். ஓட முடியாது என்று டாக்டர் சொல்லியிருந்த மனிதர் ஓடினார். வளைவில் வந்துகொண்டிருந்த டவுன் பஸ்ஸின் முன்னால் இரண்டு கைகளையும் விரித்து நின்றார். பிரேக் கிறீச்சிட்டது. டிரைவர் தலையை வெளியே நீட்டினார். பிரான்சிஸோடு பத்து வருஷம் ஒரே டெப்போவில் இருந்தவர்.

"யோவ், சாகணும்னா வேற வண்டி பாரு!"

"சாகாம இருக்கத்தான் வண்டி கேக்குறேன். திருப்புடா!"

பஸ் மூன்று நடை அடித்தது. கடைசி நடையில் ஆட்டுக்குட்டிகளும் இரண்டு தையல் மிஷினும் ஒரு டிவியும் ஏறின. எதிர்மேட்டில் இருந்த குளக்கூடத்தில் அத்தனை பேரும் நெருக்கியடித்து நின்றார்கள். நனைந்து நடுங்கியவர்கள் குளத்தின் ஓரத்தில் உட்கார்ந்து, சுடுகிற தண்ணீரில் காலை வைத்துக்கொண்டார்கள். நஞ்சுண்டன் வெப்பமானியைக் கையில் பிடித்தபடி நின்றார்.

"முப்பத்தொன்பது," என்றார்.

அந்தி சாய்வதற்குள் அது நடந்தது. முதலில் ஒரு சத்தம், மலைக்குள் லாரி ஓடுகிற மாதிரி. எல்லோரும் ஜன்னல்களுக்கு ஓடினார்கள். எதிர்ச்சரிவின் தேயிலை ஒரு பச்சைப் பாயைச் சுருட்டுவதுபோலச் சுருண்டது. அடியிலிருந்து சிவப்பு மண் கிளம்பி, லைன் வீடுகளின் தகரக் கூரைகளை மூடிக்கொண்டு, ரோட்டைத் தாண்டி ஓடைக்குள் இறங்கியது. யாரோ வீறிட்டு அழுதார்கள். பிரான்சிஸின் மனைவி அழவில்லை. பேரனின் தலையை முந்தானையால் துவட்டிக்கொண்டே இருந்தாள். காய்ந்த பிறகும் துவட்டினாள்.

ஒருவர்கூடச் சாகவில்லை. நாற்பது வீடுகளில் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

மறுவாரமே ஷாகிராவை வேலையை விட்டு அனுப்பினார்கள். அவள் போனில் போட்டுடைத்ததற்கு ஆதாரம் இல்லை. சந்தேகம் போதுமானதாக இருந்தது. அறக்கட்டளைமேல் வழக்குப் போடுவார்கள் என்று எல்லோரும் பயந்துகொண்டிருந்தபோது, மலையரணிலிருந்து கோட்டுப் போட்ட ஒருவர் இனிப்புப் பெட்டியோடு வந்தார்.

"உங்க தண்ணியோட சூடு ஏறி இறங்குறதுக்கு நாங்க வருந்துறோம்," என்றார். "நோயாளிகளுக்கு அது நல்லதில்ல. கம்ப்யூட்டருக்கும் குளத்துக்கும் நடுவுல ஒரு பெரிய தொட்டி வைக்கிறோம், வெளியே விசிறியும் வைக்கிறோம். மிச்சச் சூடு அதுவழியாப் போயிடும். மழையோ வெயிலோ, உங்களுக்கு எப்பவும் முப்பத்து மூணு. இன்னும் பத்து வருஷத்துக்கு இலவசம்."

அவர் போனதும் நஞ்சுண்டன் கொதித்துப் போனார். அவர் இவ்வளவு கோபப்பட்டு அங்கை பார்த்ததில்லை.

"புரியுதா? தண்ணிக்கு வாயைக் கட்டுறாங்க. அடுத்த தடவை மலை இறங்கும்போது குளம் ஜம்முனு இருக்கும். வேண்டாம்னு சொல்லிடு. நான் வீடு வீடாப் போய் வசூல் பண்ணியாவது ஹீட் பம்ப் வாங்கிக் கொடுக்குறேன். கல்லுமட்டத்து ஆளுங்க ஊர்ப் பள்ளிக்கூடத்துல பாய் விரிச்சுப் படுத்திருக்காங்க, நமக்கு இலவசச் சூடு கேக்குதா?"

அங்கை குழுவைக் கூட்டினாள். எல்லோரும் அவள் மறுக்கப் போகிறாள் என்றே நினைத்தார்கள். அவள் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டாள். நஞ்சுண்டன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"சார், ஒரு நிமிஷம்," என்றாள் அங்கை. "வாங்க."

அவரைக் குளத்தின் பின்பக்கம், கம்ப்யூட்டர் அறையின் ஓரத்துக்குக் கூட்டிப்போனாள். அங்கே ஷாகிரா காத்துக்கொண்டிருந்தாள். பெட்டியிலிருந்து எண்ணெய் வெளியே வருகிற குழாயைச் சுட்டிக் காட்டினாள். முழங்கை நீளத்துக்குச் சுவரோடு போய், புதிய தொட்டிக்குள் நுழையப்போகிற குழாய்.

"தொட்டி சூட்டை மறைக்கும் சார்," என்றாள் ஷாகிரா. "ஆனா தொட்டிக்கு முன்னால இருக்கிற இந்தத் துண்டை மறைக்க முடியாது. இதை அவங்க யோசிக்கல. பெட்டியை வேண்டாம்னு சொன்னா அதைத் தூக்கிட்டுப் போய் யார் கையும் படாத இடத்துல வச்சிடுவாங்க."

நஞ்சுண்டன் குழாயில் கை வைத்துப் பார்த்தார். இளம் சூடு.

"இது ஒண்ணுதானே நம்மகிட்ட இருக்கு," என்றார் மெதுவாக.

"ஒண்ணு இல்ல சார். எல்லா மலையிலயும் வச்சிருக்காங்க. ஏற்காட்டுல ஒரு பால் பண்ணை, கொடைக்கானல்ல ஒரு ஓட்டல், வால்பாறையில துணி வெளுக்கிற இடம். பாதிக்கு மேல நான்தான் போய்ப் பொருத்தினேன். எல்லாருக்கும் சும்மா சூடு. ஏன் சும்மா வருதுன்னு யாருக்கும் தெரியாது."

அன்றிலிருந்து அங்கையும் ஷாகிராவும் அந்த இடங்களுக்கெல்லாம் போன் போட்டு, குழாயைத் தொட்டுப் பார்க்கச் சொல்ல ஆரம்பித்தார்கள். பால் பண்ணைக்காரர் முதலில் திட்டினார், பிறகு கேட்டார். ஓட்டல் கொதிகலனைப் பார்த்துக்கொள்கிறவர் இரண்டு தடவை திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டார். பிறகு, "எங்க வீடு சரிவுலதான் இருக்கு," என்றார். வால்பாறையில் யாரோ ஒரு பெண் எடுத்தாள், சரி சரி என்று அவசரமாகச் சொல்லிவிட்டு வைத்தாள். கேட்டாளா இல்லையா என்றே தெரியவில்லை.

ஜூலையில் ஒரு முற்பகல், அங்கை குளத்துக்குள் ஒரு குழந்தையின் முதுகைத் தாங்கிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. குன்னூரில் அன்று நல்ல வெயில். குழாயைக் காலையிலேயே தொட்டுப் பார்த்தாயிற்று, சாதுவாக இருந்தது. தெரியாத எண். குழந்தையை அதன் அம்மாவிடம் கொடுத்துவிட்டு ஈரக் கையோடு எடுத்தாள்.

"குளத்து அக்காவா?" பெண் குரல். பின்னால் மழை, தகரத்தில் கல் கொட்டுகிற மாதிரி. "வால்பாறையில இருந்து பேசறேன். துணி வெளுக்கிற இடம். நீங்க சொன்ன குழாயில கை வைக்க முடியலக்கா. கொப்புளம் போட்டுடுச்சு."

அங்கை ஒரே தாவலில் படியேறி வெளியே வந்தாள்.

"உன் பேரு என்னம்மா?"

"பொன்னுத்தாய்."

"பொன்னுத்தாயி, உங்களுக்கு மேல சரிவு எந்தப் பக்கம்? அதுக்குக் கீழ யாரு இருக்கா?"

"லைன் வீடுங்கக்கா. பால்வாடி. நிறைய பேரு." மூச்சு வாங்கியது. "நான் சொன்னா யாரு நம்புவாங்கக்கா? சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். சிரிச்சுக்கிட்டே நடந்து வரட்டும். முதல்ல பால்வாடிக்குப் போ. கையில கிடைச்சதைத் தூக்கித் தட்டு. நிறுத்தாதே. நான் லைன்லயே இருக்கேன்."

பொன்னுத்தாய் போனை வைக்காமலே ஓடினாள். அங்கை காதோடு அழுத்திக்கொண்டு நின்றாள். மழைச் சத்தம், சேற்றில் ஓடுகிற கால்கள், ஒரு கதவு. பிறகு அண்டாவின் மேல் கரண்டியால் ஓங்கி அடிக்கிற சத்தம் கேட்டது. சற்றுத் தள்ளி இன்னொருவர் அடிக்க ஆரம்பித்தார். அப்புறம் இன்னொருவர்.